நாலரை அடிக் குச்சி

பொண்ண ஹாஸ்டல்ல விட்டுட்டு வர்றீங்களாண்ணா? கேக்காமலே தெரியுதுங்க. கையில காலேஜ் பேரு போட்ட கவரு, கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கு. உக்காருங்க, உக்காருங்க. இந்த டிரைவரு டீயக் குடிச்சு, தம்மப் போட்டு, அப்பறம்தான் வண்டிய எடுப்பாரு. சேலம் வரைக்குமா? நானும் அங்கதாங்க.

என்ன படிப்பு? எம்.எஸ்சி. வனவியலா! அட, நானும் இதே படிப்பு, இதே காலேஜு. அஞ்சு வருசத்துக்கு முந்தி இதே மாசம் எங்கப்பாவும் என்னைக் கொண்டாந்து விட்டாரு. உங்கள மாதிரி அழுவல. கேண்டீன்ல ரெண்டு போண்டாவத் தின்னுட்டு, "ஒழுங்காப் படி"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. என் பேரு குணசீலன்ங்க. ஒரு காகித ஆலையில தோட்ட ஆபீசரா இருக்கேன். சவுக்கு, தைலமரம் எல்லாம் என் பொறுப்பு.

ஆமாங்க, நல்ல படிப்புதான். ஆனா மரத்தப் பத்திப் படிக்கிறதுல என்ன கஷ்டம்னு மட்டும் நெனச்சுராதீங்க. மொதல்ல கைடுன்னு ஒருத்தரக் குடுப்பாங்க. அவரோட ரெண்டு பேரு சேந்து கமிட்டி. என்ன ஆராய்ச்சி பண்றேன்னு எழுதிக் குடுத்து மூணு கையெழுத்து வாங்கோணும். அதுல ஒருத்தரு லீவுல இருப்பாரு, ஒருத்தரு மீட்டிங்ல இருப்பாரு. அப்பறம் காட்டுக்குப் போயி வருசம் முழுக்க அளக்கோணும். நடுவுல பாடம், பரீட்சை, செமினாரு. கடைசியா தீசிஸ். அதுல இடதுபக்கம் ஒன்றரை இஞ்சு விடலைன்னா மூஞ்சியில அடிச்ச மாதிரி திருப்பித் தருவாங்க. நான் மூணு தடவ பைண்டிங்கப் பிரிச்சேன். ஒரிஜினல் சர்டிபிகேட் பூராவும் அவங்க பீரோவுலதான் இருக்கும். ரெண்டு வருசப் படிப்பு, அதிகபட்சம் அஞ்சு வருசம். அதுக்குள்ள முடிக்கலைன்னா அவ்வளவுதான்.

பயப்படுத்தறேனா? இல்லீங்க, இல்லீங்க. கைடு நல்லபடியா அமைஞ்சா ஒண்ணும் பயமில்ல. யாருன்னு சொல்லிட்டாங்களா? இன்னும் இல்லையா? பரமேஸ்வரன் சார் கெடைச்சா உங்க பொண்ணு குடுத்து வெச்சவ. தங்கமான மனுசன். நானும் அவருகிட்டதான் படிச்சேன். நானும், இந்துராணியும்.

இந்துராணின்னா... சொல்றனுங்க. இன்னைக்கு யாருகிட்டயாவது சொல்லலைன்னா எனக்கு நெஞ்சு வெடிச்சிரும் போல இருக்கு. நீங்க பாட்டுக்குக் கேட்டுட்டு இருங்க, போதும்.

அவ கூடலூர்ப் பக்கம். அவங்க தாத்தா காலத்துல சிலோன்ல இருந்து வந்து தேயிலத் தோட்டத்துல குடியேறினவங்க. அப்பா, அம்மா ரெண்டு பேரும் கொழுந்து எடுக்கப் போறவங்க. ஆளு இத்தனூண்டு, என் நெஞ்சு வரைக்கும்தான் வருவா. நான் ஆறடி ஒரு இஞ்சு. நாங்க ரெண்டு பேரும் வராண்டாவுல நடந்தா பசங்க "கொக்கும் குருவியும் போகுது பாரு"ம்பாங்க. கோவம் வராது அவளுக்கு. சிரிப்பா. காட்டுக்குப் போறப்ப தேங்கா ரொட்டியும், சம்பல்னு ஒரு காரத் தொகையலும் கட்டிக்கிட்டு வருவா. ஹாஸ்டல் கிச்சன்ல அந்த மாஸ்டருகிட்டக் கெஞ்சி எப்படித்தான் சுடுவாளோ! எனக்கு மூணு, அவளுக்கு ஒண்ணு. "நீ ஒசரமா இருக்கே, ஒனக்கு நெறைய வேணும்"னு சொல்லுவா. அப்பெல்லாம் நீ, வா, போதான்.

பரமேஸ்வரன் சார் எங்க ரெண்டு பேருக்கும் ஒரே காட்டைக் குடுத்தாரு. மலை மேல அறுநூத்திநாப்பது மரம். ஒவ்வொண்ணுக்கும் ஒரு தகரத்துல நம்பரு. மொத வருசம் ஒருக்கா சுத்தளவு எடுக்கோணும், அடுத்த வருசம் அதே மாசம் இன்னொருக்கா எடுக்கோணும். எவ்வளவு பெருத்திருக்குன்னு கழிச்சுப் பாத்தா வளர்ச்சி தெரிஞ்சுரும். மரத்துல எவ்வளவு கரி, அதான் கார்பன், சேந்திருக்குங்கறது என் ஆராய்ச்சி. எந்த மண்ணுல எந்த மரம் நல்லா வளருதுங்கறது அவ ஆராய்ச்சி. நான் எடுக்கற அளவுதான் அவளுக்கும் அடிப்படை. புரியுதுங்களா?

சுத்தளவுன்னா எங்க வேணாலும் டேப்பச் சுத்த முடியாதுங்க. அடியில தடியா இருக்கும், மேல போகப் போக ஒல்லியாகும். அதனால நாலரை அடி ஒசரத்துலதான் சுத்தோணும்னு சட்டம். நெஞ்சு ஒசரம்னு சொல்லுவாங்க. இந்து ஒரு மூங்கில்குச்சிய நாலரை அடிக்கு வெட்டி எடுத்தாந்தா. மரத்துக்கு மரம் அதச் சாத்தி வெச்சு, குச்சி முடியற எடத்துல டேப்பச் சுத்தோணும். நான் சுத்திச் சொல்லுவேன், அவ எழுதுவா.

மொத நாளு அப்படித்தான் செஞ்சோம். முப்பத்தோரு மரம்தான் முடிஞ்சுது. சரிவுல நின்னுக்கிட்டு, குச்சியச் சாத்தி, நழுவி, மறுபடி சாத்தி... ஒடம்பு பூரா உண்ணி வேற. எனக்குப் பொறுமை கெடையாதுங்க, அது எங்கம்மா வழி. ரெண்டாம் நாளு குச்சியத் தூக்கி எறிஞ்சேன். "என் நெஞ்சு ஒசரம் எனக்குத் தெரியாதா? எழுது"ன்னேன்.

"குணா, ஒன் நெஞ்சும் என் நெஞ்சும் ஒரே ஒசரமா? மரத்துக்கு எது நெஞ்சுன்னு சொல்லத்தானே இந்தக் குச்சி?"ன்னா.

"பெரிய விஞ்ஞானி! எழுதுடி."

எழுதினா. ஒம்போது நாள்ல முடிச்சோம். முடிச்ச அன்னைக்கு சாயந்தரம் ஒரு பாறையில உக்காந்துதான் அவகிட்ட கேட்டேன், கட்டிக்கிறியான்னு. "மொதல்ல டிகிரிய முடிப்போம். எங்க தோட்டத்து லயத்து வீடுகள்ல இதுவரைக்கும் ஒருத்தரும் முடிச்சதில்ல"ன்னா. மாட்டேன்னு சொல்லல பாருங்க. மாட்டேன்னு சொல்லவே இல்ல.

அடுத்த வருசம் ரெண்டாவது அளவு எடுக்கறப்ப எனக்கு ஒரு பரீட்சைக்குக் கோச்சிங் இருந்துச்சு, சேலத்துல. அந்தப் பரீட்சைல நான் பாஸாகல, அது வேற கதை. இந்துதான் மலைக்காரம்மா ஒருத்தரைத் துணைக்குக் கூட்டிக்கிட்டுப் போயி அறுநூத்திநாப்பது மரத்தையும் அளந்தா. இருவத்திரெண்டு நாளு. குச்சியச் சாத்தி, ஒவ்வொண்ணா. நான் சொல்லலீங்களே அப்படிச் செய்யின்னு? அவளா செஞ்சா. என் கை எந்த ஒசரத்துல இருந்துச்சோ அதே ஒசரத்துல சுத்தியிருந்தா ஒரு பிரச்சினையும் வந்திருக்காது.

ஏன்னா, என் கை நாலரை அடிக்கு மேல இருந்திருக்குது போல. மேல ஒல்லி. நான் எடுத்தது கம்மி. அவ சரியான எடத்துல எடுத்தா, அது ஜாஸ்தி. கழிச்சுப் பாத்தா ரெண்டு சென்டிமீட்டர் வளர வேண்டிய மரம் மூணு வளந்திருக்கு, மூணரை வளந்திருக்கு. கமிட்டியில வெளியில இருந்து வந்த ஒரு பெரியவரு கண்ணாடியக் கழட்டி வெச்சுட்டுக் கேட்டாரு: "ஏம்ப்பா, உங்க மலையில மரம் நட்டிருக்கீங்களா, கரும்பு நட்டிருக்கீங்களா?"

எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.

"ரெண்டாவது அளவு எடுத்தது யாரு?"ன்னாரு.

"இந்துராணி சார். நான் அப்ப ஊர்ல இல்ல"ன்னேன். சத்தியமான வார்த்தைங்க. அதுல ஒரு எழுத்து பொய் கெடையாது.

"மொத தடவை நீ குச்சி வெச்சுதானே எடுத்தே?"

"ஆமா சார்." மொத நாளு வெச்சோமில்லீங்களா? முப்பத்தோரு மரத்துக்கு வெச்சோம்.

இந்து எந்திரிச்சா. "சார், மொத நோட்டுல முதல் பக்கத்துலயே எழுதியிருக்கேன், பாருங்க"ன்னா.

அவ என்ன எழுதி வெச்சிருந்தான்னா, 'இரண்டாம் நாள் முதல் குச்சி வைக்கவில்லை'ன்னு ஒரு வரி, தேதியோட. அவ பழக்கம் அப்படி. மழை பேஞ்சா மழைன்னு எழுதுவா, எனக்குக் காய்ச்சல்னா அதையும் எழுதுவா. ஆனா அந்த நோட்டு இருந்த லட்சணத்த நீங்க பாக்கோணும்! மழைத்தண்ணி பட்டு ஊறி, உண்ணிய நசுக்கின ரத்தக்கறை வேற. அதையா கமிட்டிக்குக் காட்டுவாங்க? மீட்டிங்குக்கு ரெண்டு நாளு முந்தி நான் புது நோட்டு வாங்கி, எல்லாத்தையும் அழகா, கட்டம் போட்டுப் படி எடுத்து வெச்சிருந்தேன். பழச ஹாஸ்டல் வெந்நீர் அடுப்புல போட்டாச்சு. அந்த ஒரு வரிய எழுதல. ஏங்க, அது எண்ணு இல்லீங்களே? எண்ணுல ஒண்ணு கூட விடாம எழுதினேன்.

புது நோட்டத்தான் அவகிட்ட குடுத்தாங்க. மொதப் பக்கத்தத் தெறந்தா. பாத்தா. என்னையப் பாத்தா. மூடி மேசை மேல வெச்சுட்டு உக்காந்துட்டா.

இதாங்க என் ஆதங்கமே! கேளுங்க, நல்லாக் கேளுங்க. "வாயுள்ள புள்ள பொழைக்கும்"னு சும்மாவா சொன்னாங்க? அங்கயே கத்தியிருக்கலாம் இல்ல? "குணா, பழைய நோட்டு எங்கடா?"ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்? சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேன்னுதான் நெனைக்கிறேன். அவ கேக்கவே இல்லையே! அந்தப் பெரியவரு சொல்றாரு, "காட்டப் பாத்து பயந்துட்டு, மரத்தடியில உக்காந்தே எழுதிட்டியாம்மா?"ங்கறாரு. இருவத்திரெண்டு நாளு ஏறி எறங்கினவளைப் பாத்து. அதுக்கும் பேசல. ஃபைல்லயும் எழுதிட்டாங்க: 'களத்துக்குச் செல்லாமல் எழுதப்பட்ட எண்கள்'னு.

படியில எறங்கறப்ப நான்தான் பேசினேன். "ஒரு வருசம்தானே இந்து, மறுபடி அளந்துக்கலாம். நான் கூட வர்றேன்"ன்னேன்.

"அந்த நோட்டு எங்க குணா?"

"எரிச்சுட்டேன்."

அங்கயே படியில உக்காந்துட்டா. அழுவல. கேண்டீன் ஆளுக்கு வழி விட்டு ஒதுங்கி உக்காந்தா, அவ்வளவுதான். அந்த வாரமே ஊருக்குப் போயிட்டா. இன்னொரு வருசம் வெச்சுப் படிக்க வெக்க அந்த வீட்டுல தெம்பு இல்ல. ஃபைல்ல அந்த வரி இருக்கறப்ப வேற எந்தக் கைடும் கிட்ட சேர்க்கல. எனக்கு என்ன ஆச்சுங்கறீங்களா? மொத அளவ மட்டும் வெச்சு எழுதுன்னுட்டாங்க. மரத்துல இப்ப எவ்வளவு கரி இருக்குன்னு, அவ்வளவுதான். முதல் வகுப்பு. அப்பறம் இந்த வேலை.

மூணு வருசங்க. எத்தனை போன் போட்டிருப்பேன்! எடுக்கல. எங்கம்மா ஏழு பொண்ணு பாத்தாங்க. ஏழையும் வேண்டாம்னுட்டேன். எட்டாவது பொண்ணு வீட்டுக்காரங்க காப்பி குடுத்து, கேசரி குடுத்து எல்லாம் ஆனப்பறம் எந்திரிச்சு வந்தேன், எங்கம்மா என்னைக் கன்னத்துல அறைஞ்சாங்க. எனக்கு இந்துவத் தவிர வேற ஒருத்திய நெனைக்கத் தெரியலைங்க. சிரிக்காதீங்க. இல்லையா? சரி.

மூணு வாரத்துக்கு முந்தி அவளே வந்தா. என் ஆபீசுக்கு! முந்தின நாளு போன் பண்ணி, "நாளைக்கு இருப்பீங்களா?"ன்னா. நான் அன்னைக்கு சாயந்தரமே போயி புதுச் சட்டை எடுத்தேன். ஆபீஸ் பையங்கிட்ட சொல்லி ரூமைக் கூட்டி, கழுவி, மேசைக்கு ஒரு துணி விரிச்சு... பைத்தியக்காரன், பைத்தியக்காரன். எளைச்சுப் போயிருந்தா. ஒரு ஸ்கூல்ல சயின்ஸ் சொல்லித் தர்றாளாம். "சாப்பிட்டீங்களா?"ன்னு கேட்டா. நீ, வா, போ எல்லாம் எங்கயோ போயிருச்சு.

பையில இருந்து எடுத்து வெச்சா. தீசிஸ். முழுசா எழுதி, டைப் அடிச்சு, இடதுபக்கம் ஒன்றரை இஞ்சு விட்டு. எப்படின்னு கேட்டேன். ஸ்கூல் லீவு விட்டப்பெல்லாம் வந்து அதே மலையில ஏறியிருக்கா. எரநூறு மரத்துல நாலரை அடியில ஒருக்கா, மேல கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி ஒவ்வொருக்கா அளந்து, என் பழைய எண்ணோட பொருத்திப் பாத்து, நான் எந்த ஒசரத்துல டேப்பச் சுத்தினேன்னு கணக்குப் போட்டுக் கண்டுபிடிச்சிருக்கா. "நீங்க அஞ்சு இஞ்சு மேல புடிச்சிருக்கீங்க. அந்த அஞ்சு இஞ்சத் திருத்தினா எல்லா மரமும் சரியா வருது"ன்னா.

அண்ணா, மூணு வருசமா என் கை எந்த ஒசரத்துல இருந்துச்சுன்னே நெனைச்சுக்கிட்டு இருந்திருக்கா ஒருத்தி. அதுக்குப் பேரு அன்பு இல்லைன்னா வேற என்னங்க? நீங்களே சொல்லுங்க. எனக்கு அப்படித்தான் தோணுச்சு. கண்ணுல தண்ணி வந்துருச்சு.

அவ ஒரு வெள்ளைத்தாளை நகத்தி வெச்சா. "புதுசா வந்திருக்கற ஒரு மேடம் என்னைச் சேத்துக்கறேன்னு சொல்லியிருக்காங்க. அந்த ஃபைல்ல இருக்கற வரி போகோணும். ரெண்டாம் நாள்ல இருந்து குச்சி வெக்கலைன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. நோட்ட எரிச்சதப் பத்தி எழுத வேண்டாம். பதினஞ்சாம் தேதியோட அஞ்சு வருசம் முடியுது"ன்னா.

நான் என்ன சொன்னேன் தெரியுங்களா? "கல்யாணம் பண்ணிக்கலாம் இந்து"ன்னேன்.

நான் பேசினேன், பேசினேன், பேசிக்கிட்டே இருந்தேன். ஆலையில குவாட்டர்ஸ் குடுக்கறாங்க, உங்கப்பா அம்மா கொழுந்து எடுத்தது போதும், இங்க வந்து இருக்கட்டும், என் டிகிரி உன் டிகிரி இல்லையா, இந்தத் தாளுக்காக நீ அலையணுமா... அப்படியே ஒரு மணி நேரம். கடைசில, "வேலை போயிரும்னு பயமா இருக்குங்களா?"ன்னு கேட்டா. கிண்டலாக் கேக்கலைங்க, நெசமாத்தான் கேட்டா.

எனக்குச் சுருக்குன்னுச்சு. "பயமெல்லாம் இல்ல. நீ சரின்னு ஒரு வார்த்தை சொல்லு, மறுநாளே எழுதித் தர்றேன்"ன்னேன்.

வெளையாட்டாத்தாங்க சொன்னேன். பாதி வெளையாட்டு. அவ தாளை மடிச்சா, தீசிஸ உள்ள வெச்சா, ஜிப்ப இழுத்தா. வாசல்ல நின்னு, "பதினஞ்சாம் தேதி"ன்னு மறுபடி ஒருக்கா சொன்னா. பஸ் ஸ்டாப் வரைக்கும் வண்டியில விடறேன்னேன். வேண்டாம்னுட்டா.

நான் போனுக்குக் காத்திருந்தேன். ஒரு வாரம். ரெண்டு வாரம். அவ எறங்கி வரட்டும்னு எனக்கும் ஒரு வீம்பு. அவளுக்கும்தான் வீம்பு, இல்லைங்கறீங்களா? இன்னொருக்கா கேட்டிருந்தா எழுதிக் குடுத்திருப்பனே! நேத்து சோறு எறங்கல. தட்டத் தள்ளிட்டு உக்காந்து எழுதினேன். ஒரு வரி இல்லைங்க, ஒரு பக்கம். குச்சிய எறிஞ்சது, நோட்ட எரிச்சது, எல்லாம். வேலை போனாப் போகுது, டிகிரியப் புடுங்கினாப் புடுங்கட்டும்னு எழுதினேன். அந்தக் கையெழுத்தப் போட்டப்பத்தான் மூணு வருசத்துல மொத தடவையா எனக்கு மூச்சு ஒழுங்கா வந்துச்சு.

இன்னைக்குத் தேதி பதினாலு. நாளைக்குத்தான் கடைசி நாளு. அதான் காலையில மொத பஸ்ஸுக்கே வந்து பரமேஸ்வரன் சார் ரூம் வாசல்ல நின்னேன். மொதல்ல அவரு கையில குடுத்துட்டு, அப்பறம் அவளுக்குப் போன் போட்டுச் சொல்லலாம்னு.

சார் படிச்சாரு. நிதானமா, ரெண்டு தடவை படிச்சாரு. "உக்காருப்பா"ன்னாரு. "அந்தப் பொண்ணு திங்கக்கிழமையே வந்து ஒரிஜினல் சர்டிபிகேட்ட எல்லாம் திருப்பி வாங்கிட்டுப் போயிருச்சே. படிப்ப விடறேன்னு எழுதிக் குடுத்தாத்தான் தருவாங்க. எழுதிக் குடுத்துட்டா. இனி அஞ்சு வருசமும் இல்ல, நாளைக்கும் இல்ல"ன்னாரு.

"எதாச்சும் சொன்னாளா சார்?"

"இல்லப்பா. அந்த ஃபாரத்துல காரணம்னு ஒரு கட்டம் இருக்கும். அதைக் காலியா விட்டிருந்தா. கிளார்க் எதையாவது எழுதும்மான்னு கேட்டிருக்கான். சிரிச்சாளாம்."

அப்பறம் அவரு சொல்றாரு, டீயக் குடிச்சுக்கிட்டே சொல்றாரு: "எனக்கு அன்னைக்கே தெரியும்டா குணசீலா. முப்பது வருசம் மரம் அளந்திருக்கேன். உன் ஒசரத்தையும் அந்த எண்ணுகளையும் பாத்தாத் தெரியாதா? உண்மையச் சொன்னா உன் தீசிஸும் போகும், அவ தீசிஸும் போகும், என் ஆராய்ச்சித் திட்டமும் போகும். ஒருத்தராவது தேறட்டும்னு விட்டுட்டேன்."

சொல்லிக்கிட்டே நான் எழுதின தாளை ரெண்டாக் கிழிச்சாரு. அப்பறம் நாலா. "இப்ப இதக் குடுத்து யாருக்கு என்ன லாபம்? போ. வேலையப் பாரு, நல்லா இரு"ன்னு கீழ இருந்த குப்பைக்கூடையில போட்டாரு.

குனிஞ்சு எடுத்திருக்கலாம். ஒட்டியிருக்கலாம். வேற ஒண்ணு எழுதியிருக்கலாம், பேனா பாக்கெட்டுலதான் இருந்துச்சு. அந்தாளு சட்டையப் புடிச்சு உலுக்கியிருக்கலாம். நான் எந்திரிச்சு நின்னேன்ணா. எந்திரிச்சு நின்னு, ரெண்டு கையையும் எடுத்துக் கும்புட்டு, "ரொம்ப நன்றி சார்"னேன்.